தூக்கு விசை: விமானம் பறக்கும் இயற்பியலின் வரலாறு

காற்றில் விரையும் இறக்கை, தான் செல்லும் திசைக்குச் செங்குத்தாகப் பெறும் விசையே தூக்கு விசை. விமானத்தின் எடையைத் தாங்குவது இதுதான். எஞ்சின் விமானத்தைத் தூக்குவதில்லை. காற்றின் தடையை மீறி முன்னே செலுத்துகிறது, அவ்வளவே. மதுரை பசுமலைக்குத் தெற்கே உள்ள விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏர்பஸ் 320 வகையை எடுத்துக்கொண்டால், அதன் உச்ச எடை ஏறத்தாழ 78 டன். இறக்கைப் பரப்பு 122 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சதுர மீட்டர் தாங்குவது 640 கிலோவுக்குள் அடங்கும். இது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 6 விழுக்காடுதான். இறக்கையின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் அழுத்தம் அந்த அளவு வேறுபட்டால் அத்தனை எடையும் மேலே நிற்கும்.

இறக்கையை அடித்தால்தான் பறக்க முடியும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி. தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது வேறு வேலை என்று பிரித்து, 1799இல் ஒரு வெள்ளி வட்டில் படமாகவே பொறித்துவைத்தார். 1804இல் அவர் செய்த சிறு மிதவை விமானத்துக்கு இறக்கையாக அமைந்தது ஒரு பட்டம். ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் 1891 முதல் வளைந்த இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து மிதந்தார்; 1896இல் விழுந்து இறந்தார். ரைட் சகோதரர்கள் கைக்குக் கிடைத்த அட்டவணைகளை நம்பாமல் 1901இல் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய முதல் பறப்பு நீடித்தது 12 வினாடி.

செய்கை முந்தியது, கணக்கு பிந்தியது. இறக்கையைச் சுற்றிக் காற்று கொள்ளும் சுழற்சியிலிருந்து தூக்கு விசையைக் கணிக்கும் முறையை ஜெர்மனியின் குட்டா 1902இலும், ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி 1906இலும் தனித்தனியே கண்டார்கள். பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கின் இயல்பைக் கோட்டிங்கனின் லுட்விக் பிராண்ட்ல் 1904இல் விளக்கினார்.

தமிழகமும் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ், வண்டி கட்டுவதில் பேர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910இல் பல்லாவரத்தில் பறந்தார். ஹோட்டல்காரருக்கு இது எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருக்கக்கூடும். கோட்டிங்கனில் கற்ற கணக்கு இந்தியாவுக்கு வந்தது பின்னால்தான்: பிராண்ட்லிடம் பயின்ற வி. எம். காட்கே, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய வானூர்திப் பொறியியல் துறையில் பணியாற்றினார். அவர் வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949இல் தொடங்கியது. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்தது அங்கேதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தவறான விளக்கம் ஒழிந்தபாடில்லை. இறக்கையின் மேற்புறம் வளைவானது, பாதை நீளம். கீழே வரும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேர வேண்டி மேற்காற்று விரைகிறது. விரைந்தால் பெர்னூலி விதிப்படி அழுத்தம் குறைகிறது என்பது அந்த விளக்கம். கடைசிப் பகுதி சரி. ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புகையிட்டுப் பார்த்தால் மேற்காற்று முன்னதாகவே போய்விடுகிறது. தட்டையான காகித விமானம் பறக்கிறது. சாகச விமானம் தலைகீழாகவும் பறக்கிறது. சாய்ந்தும் வளைந்தும் இருக்கும் இறக்கை, மேலும் கீழும் ஓடும் காற்று இரண்டையும் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றைக் கீழே தள்ளும் இறக்கையைக் காற்று மேலே தள்ளுகிறது: நியூட்டனின் மூன்றாம் விதி. அழுத்த வேறுபாடும் இந்தத் திருப்பமும் இரு வேறு காரணங்கள் அல்ல, ஒரே நிகழ்வின் இரு கணக்குகள். சாய்வு ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால் மேற்காற்று பரப்பை விட்டு விலகி, தூக்கு விசை சட்டென்று சரியும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். லிலியென்தாலை வீழ்த்தியதும் இதுவே.

தூக்கு விசை வேகத்தின் இருமடிக்கும் காற்றின் அடர்த்திக்கும் ஏற்ப மாறும். கணக்கில் வருவது தரையைப் பொறுத்த வேகமல்ல, காற்றைப் பொறுத்த வேகம். ஆகவே எதிர்காற்றில் ஏறுவதே வழக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய மதுரை விமானத் தளத்தின் ஓடுபாதை இன்று கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மாத மேல்காற்றில் மேற்கு நோக்கி ஓடும் விமானத்துக்கு அந்தக் காற்றின் வேகம் இலவசமாகச் சேர்கிறது. வெயில் இதற்கு நேர்மாறு. 40 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் இருப்பதைவிட 8 விழுக்காடு குறைவு. அதே எடையோடு எழ வேகம் 4 விழுக்காடு கூட வேண்டும். அடர்த்தி குறைந்த காற்றில் எஞ்சினின் உந்துவிசையும் குறைவதால் ஓட வேண்டிய தூரம் அதைவிட அதிகமாக நீளும். சுமார் 7,500 அடி நீளமுள்ள ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற மதுரையின் பழைய கோரிக்கையை, எடை மிகுந்த பெரிய விமானங்களை மனதில் வைத்துத்தான் எழுப்புகிறார்கள். சித்திரை வெயிலில் அத்தகைய விமானம் முழுச் சுமையோடு எழ நீளம் போதாவிட்டால் எரிபொருளையோ சரக்கையோ குறைத்தாக வேண்டும்.