வழி காட்டியவர் பெயர்

செய்தியைக் கொண்டு வந்து தருபவரின் பெயர் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. என் பத்திரிகை அனுபவம் உணர்த்திய உண்மை இது. கனடாவின் மனிற்றோபா மாகாண எல்லையிலுள்ள ஃப்ளின் ஃப்ளொன் சுரங்கத்தின் வரலாறும் இதையே கூறுகின்றது.

சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடி எரிமலைப் பாறைகளினூடாகப் பீறிட்ட வெந்நீர், செம்பு, துத்தநாகம், பொன், வெள்ளி ஆகியவற்றை அங்கே படியச் செய்தது. அக்கனிமப் பாறையை ரொம் கிறைற்றனுக்குக் காட்டியவர், அப்பகுதிப் பழங்குடி வேட்டைக்காரரான டேவிட் கொலின்ஸ். 1915இல் கிறைற்றன் குழுவினர் அகழ்வுரிமையைத் தம் பெயரில் பதிந்தனர்.

செம்பும் துத்தநாகமும் நுண்துகள்களாகப் பிணைந்திருந்தமையால் அவற்றைப் பிரித்தெடுப்பது அரிதாயிற்று. அதற்கு வழி கண்ட பின்னர், 1930இல் உற்பத்தி தொடங்கியது. அந்நகரின் கடைசிச் சுரங்கமான 777, 2022இல் மூடப்பட்டது.

நகரின் பெயரோ, கிறைற்றன் குழுவினர் வாசித்த, 1905இல் வெளிவந்த ஆங்கில நாவலொன்றின் நாயகனுடைய பெயரின் சுருக்கம். ஏரியின் அடியே சென்று பொன்னுலகைக் கண்ட அக்கற்பனை மனிதனுக்கு அங்கே சிலையும் உண்டு. மெய்யான பொன்னுக்கு வழி காட்டிய கொலின்ஸை எத்தனை பேர் அறிவர்? வரலாறு எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.