முன்பல்லில் இருக்கும் பழுப்புக் கறையும் கிணற்றுத் தண்ணியும்



கெக்கிராவ, ஹொரவப்பொத்தான பக்கமிருந்து கிருலப்பனைக்குக் குடிவந்து பாடசாலையில் சேரும் பிள்ளைகள் சிலருடைய முன்பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கும். "பல்லு விளக்குறல்லையா?" என்று வகுப்பில் வைத்தே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொம்புளப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகுவது அங்கேதான். அந்தக் கேள்வி தப்பு என்று தெரிந்து தொண்ணூறு வருடத்துக்கு மேலாகிறது.

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன இளம் பல் வைத்தியர் ஃபிரெடெரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் இதே கறையைக் கண்டார். ஊரார் பல காரணம் சொன்னார்கள். பன்றி இறைச்சி அதிகம் தின்றதால் என்பதும் அதில் ஒன்று. (நம்ம பிள்ளைகளிடம் அந்தக் காரணம் எடுபடாது!) மெக்கே தண்ணியைச் சந்தேகித்தார். 1923இல் ஐடஹோவின் ஓக்லி ஊரில், புதுக் குழாய்த் தண்ணி வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று தாய்மார் சொன்னார்கள். குழாயைக் கைவிடச் சொன்னார் மெக்கே. அதற்குப் பிறகு சிறிய பிள்ளைகளுக்குப் பல் சுத்தமாக முளைத்தது. தண்ணியில் இருந்தது புளோரைட்டு என்பதை 1931இல் சர்ச்சில் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்தார்.

நிரந்தர முன்பற்களின் எனாமல், அதாவது பாடப்புத்தகத்தில் நாம் படிப்பிக்கும் மிளிரி, பிறந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள் முரசுக்குள்ளேயே உருவாகிறது. அந்த வயதில் புளோரைட்டு கூடினால் கனியுப்பு சரியாக இறுகாமல் எனாமலில் நுண்ணிய துளைகள் மிஞ்சும். ஏழு வயதில் பல் வெளியே வந்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறும். ஆகவே மிஸ்வாக்கோ பேஸ்ட்டோ எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கொழும்புக்கு வந்து குழாய்த் தண்ணி குடித்தாலும் மாறாது. அது பழைய கிணற்றின் கணக்கு.

இந்தக் கணக்கை அளக்க முதலில் வழி செய்தவர் ட்ரெண்ட்லி டீன். 1934இல் வகுத்த தரவரிசையை 1942இல் திருத்தி ஆறு படியாக்கினார். மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட இரண்டு பற்களைப் பார்த்துத் தரம் போடுவது அவருடைய முறை. பல்லைக் காயவைத்துப் பார்த்து 0 முதல் 9 வரை தரம் போடும் தைல்ஸ்ட்ரப், ஃபெயர்ஸ்கோவ் முறை 1978இல் வந்தது. ஈரத்தில் மறையும் மெல்லிய வெள்ளைக் கோடும் காய்ந்தால் தெரியும்.

நம்ம பக்கத்தில், 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பல்லோடு எலும்பும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். இலங்கையில் 1992இல் வெளியான ஆய்வுதான் நமக்கு முக்கியம். 14 வயதுப் பிள்ளைகள் 380 பேரைப் பார்த்தார்கள். தண்ணியில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான புளோரைட்டு இருந்த இடங்களிலும் 32 வீதமானோருக்கு இலேசான பாதிப்பு, 9 வீதமானோருக்குக் கடுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையோ 1.5. வெயில் நாட்டுப் பிள்ளை கூடத் தண்ணி குடிக்கும் என்பதைக் குளிர் நாட்டு அளவுகோல் கணக்கெடுக்கவில்லை.

எல்லாத் திட்டும் இப்படி வந்ததல்ல. முதல் கடைவாய்ப் பல்லிலும் முன்பல்லிலும் எல்லை தெளிவாகத் தெரியும் மஞ்சள் திட்டு, குளிர்ந்த தண்ணிக்குக் கூச்சம் என்றால் அது வேறு கோளாறு. 2001இல்தான் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். கொழும்பிலேயே பிறந்த பிள்ளைக்கும் அது வரலாம், சீக்கிரம் உடையும். பிந்தாமல் காட்டவேண்டும்.

புளோரைட்டுக் கறைக்கு வைத்தியம் உண்டு. 1916இலேயே கொலராடோ ஸ்பிரிங்ஸில் வால்டர் கேன் என்பவர் ஐதரோகுளோரிக் அமிலத்தால் கறையை எடுத்தார். இன்று அமிலத்தோடு நுரைக்கல் தூள் சேர்த்து மேற்படையை மிக மெல்லியதாகத் தேய்க்கிறார்கள், அல்லது துளைகளுக்குள் பிசினை ஊறவிடுகிறார்கள், ஆழமானதற்குப் பல் நிறத்தில் பூசுகிறார்கள். பல் வைத்தியர் மட்டும் செய்யும் வேலை இது. வீட்டில் எலுமிச்சம்பழம், கரித்தூள் வேண்டாம்.

ஊரில் கைக்குழந்தை இருக்கும் சொந்தக்காரருக்கு இதையும் சொல்லுங்கள்: பால்மாவைக் கிணற்றுத் தண்ணியில் கரைத்தால், கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். புளோரைட்டை நீக்கும் வடிகட்டியில் வடித்த தண்ணியோ மழைத்தண்ணியோ எடுக்கட்டும்.