பிள்ளைக்காம்பராவும் வளர்ச்சி அளவீடும்

நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. பிள்ளைகளின் வளர்ச்சியை அளந்து பார்க்கவும் தோதான இடம் இதுவே.

எடை மட்டும் போதாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பலகையில் கிடத்தி, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி, பாதத்தில் தட்டைப் பொருத்தி நீளம் பார்க்க வேண்டும். கால் மடங்கினால் அளவு பிழைத்துவிடும்.

2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7. பரம்பரைக் குள்ளம் என்று இதைத் தள்ளிவிடுவது பெரும் தவறு. குறைந்த பிறப்பு எடை, தாயின் இரத்தசோகை, சத்துக் குறைந்த உணவு எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

பதிவேட்டில் எடைக்கோடு மேலேறாமல் தட்டையானால், பிள்ளை மெலிந்து தெரியுமுன்பே மருத்துவிச்சி விசாரிக்கத் தொடங்க வேண்டும்.