கம்பைலர் எச்சரிக்கைக் கொடிகளின் கதை

சிவகாசி வட்டாரத்தில் மருந்து கலப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்தால் லேசான உரசலே போதும், பற்றிக்கொள்ளும். அதனால் இந்தக் கலவைக்கு மத்திய அரசு 1992-ல் தடை விதித்தது. ஆனால் தீக்குச்சியின் முனைக்கு விலக்கு உண்டு! ஒரே ஊர், ஒரே கலவை. பட்டாசுக்குக் கூடாது, தீப்பெட்டிக்குக் கூடும்.

கணினி நிரல்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. இலக்கணப்படி சரிதான், ஆனால் ஆபத்து. அதைச் சொல்வதற்குத்தான் கம்பைலரின் எச்சரிக்கைகள். எங்கே எந்த எச்சரிக்கை வேண்டும் என்று நிரலர் சொல்வதற்கு உள்ளவை கொடிகள்.

1970-களின் சி கம்பைலர்கள் நிரலரை நம்பின. அதிகம் கேள்வி கேட்கவில்லை. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் 'லின்ட்' என்ற தனிக் கருவியை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத்துகளின் பெயர் அது. பிறகு இந்த வேலையைக் கம்பைலரே ஏற்றுக்கொண்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட ஜிசிசியில் 'டபிள்யூ-ஆல்' என்ற கொடி பிரபலம். பெயரில்தான் 'ஆல்', உண்மையில் எல்லா எச்சரிக்கையும் அதில் கிடையாது.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய கொடிகள் சேர்ந்தன. ஒரு நிரலின் சோதனைத் தொகுப்பு புதிய கொடியைக் கேட்டால், பழைய ஜிசிசி "இது என்ன விருப்பம்?" என்று நின்றுவிடும். நிரலில் பிழை இல்லை, ஆனாலும் சோதனை தோல்வி. பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாமே என்றால் அதுவும் சரிவராது. பின்னாளில் வந்த கிளாங் கம்பைலர் தன்னை ஜிசிசி 4.2.1 என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது.

டேவிட் மெக்கன்சி 1991-ல் எழுதத் தொடங்கிய ஆட்டோகான்ஃப் காட்டிய வழி எளிமையானது. பெயரைக் கேட்காதே, செய்து பார். இரண்டு வரி நிரலைக் கொடியுடன் கம்பைல் செய். தேறினால் கொடி உண்டு, தேறாவிட்டால் விட்டுவிடு.

இதிலும் இரண்டு பள்ளங்கள். முதலாவது, எச்சரிக்கையை அணைக்கும் 'டபிள்யூ-நோ' வகைக் கொடிகள். 2009-ல் வந்த ஜிசிசி 4.4 முதல், தெரியாத 'நோ' கொடி வந்தால் அது வாயைத் திறப்பதில்லை. வேறு எச்சரிக்கை ஏதாவது வந்தால்தான் சேர்த்துப் புகார் சொல்லும். இரண்டு வரி நிரலில் எச்சரிக்கைக்கு எங்கே போவது? ஆகவே 'நோ'வை நீக்கிவிட்டு நேர்க் கொடியைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது பள்ளம் கிளாங்கில். தெரியாத எச்சரிக்கைக் கொடிக்கு அது பிழை காட்டாது, எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு வேலையை முடித்துக் கொடுக்கும். சோதனையோ "கொடி உண்டு" என்று குறித்துக்கொள்ளும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் 'டபிள்யூ-எரர்' கொடியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்மை வெளிவரும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்துவிட்டது. இரண்டாவது வரி முந்தைய வரிக்கு நேராகத் தள்ளி எழுதப்பட்டிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நிபந்தனைக்குள் இருப்பது போலத் தெரிந்தது. உண்மையில் நிபந்தனைக்கு வெளியே இருந்தது. கையொப்பச் சரிபார்ப்பே நடக்காமல் தாண்டிப் போனது. 2014 பிப்ரவரியில் ஐஓஎஸ் 7.0.6 வந்து அதைத் திருத்தியது.

ஏமாற்றும் இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும் 'மிஸ்லீடிங் இன்டென்டேஷன்' கொடி ஜிசிசி 6-ல், 2016-ல் வந்தது. கிளாங்கில் 10-ஆம் பதிப்பில், 2020-ல்தான். அதற்கு முந்தைய கிளாங்கில் ஒரு சோதனைத் தொகுப்பு 'டபிள்யூ-எரர்' இல்லாமல் இந்தக் கொடி உண்டா என்று கேட்டிருந்தால், "உண்டு" என்றே பதில் கிடைத்திருக்கும். இரட்டை வரி இருந்தாலும் அந்தக் கொடியால் ஒரு எச்சரிக்கையும் வந்திருக்காது.