டவுன் என்பது ஒரு மனிதரின் பெயர்

டவுன் சிண்ட்ரோம் என்றதும் பலருக்கு 'கீழே' என்ற ஆங்கிலச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. அது ஒரு டாக்டரின் பெயர். ஜான் லாங்டன் டவுன், இங்கிலாந்தில் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவக் கண்காணிப்பாளராக இருந்தவர். 1866-ல் எழுதிய சிறு கட்டுரையில்தான் இக்குழந்தைகளைத் தனி வகையாக அடையாளம் காட்டினார்.

முகச்சாயலை வைத்து 'மங்கோலிய' என்று ஒரு பெயரும் வைத்தார். தவறான பெயர், ஓர் இனத்தையே இழிவுபடுத்தும் பெயர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது ஒட்டிக்கொண்டிருந்தது. 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959-ல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, டுர்ப்பேன் மூவரும் வெளியிட்ட பிறகே மாறத் தொடங்கியது.

ஆனால் அதே கட்டுரையில் டவுன் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். உடல் அசைவுகளின் ஒத்திசைவு குறைவுதான், முறையாகப் பழக்கினால் நன்றாக வலுப்படும் என்கிறார். பேச்சு தெளிய நாக்குக்கே உடற்பயிற்சி சொல்கிறார்! 1868-ல் மனைவி மேரியோடு நார்மன்ஸ்ஃபீல்டில் இல்லம் தொடங்கி, பிறகு அங்கே நாடக அரங்கமும் கட்டினார். உலகம் பெயரைப் பிடித்துக்கொண்டது, பயிற்சியை விட்டுவிட்டது. 1950-களில்கூட மேலைநாடுகளில், 'காப்பகத்தில் விட்டுவிடுங்கள்' என்று பெற்றோரிடம் சொன்ன டாக்டர்கள் இருந்தார்கள்.

நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "சார், பையனுக்கு பிசியோதெரபி சொல்லியிருக்காங்க. தானா நடக்கும்போது நடக்கட்டும்னு வீட்ல சொல்றாங்க." அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

இக்குழந்தைகளுக்குத் தசைகள் துவண்டிருக்கும், மூட்டுகள் தளர்வாக இருக்கும். பெரும்பாலும் 2 வயதை ஒட்டித்தான் நடப்பார்கள். அமெரிக்காவில் டேல் உல்ரிக் குழுவினர் 30 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான பிசியோதெரபி உண்டு. ஒரு பாதிப் பேருக்கு மட்டும், 30 விநாடி தானாக உட்காரத் தொடங்கியதிலிருந்து, வீட்டிலேயே சின்ன டிரெட்மில். பெற்றோர் பிடித்துக்கொள்ள, தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள். அவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக 101 நாள் முன்னதாக நடந்தார்கள்.

அதற்காக வீட்டில் டிரெட்மில் வாங்கிவிடாதே அம்மா. வேகம் மட்டுமே கணக்கு இல்லை. கால்களை அகட்டி, முட்டியைப் பின்னுக்கு இறுக்கி நிற்கும் பழக்கம் படியாமல் பார்ப்பதுதான் பிசியோதெரபிஸ்டின் பெரிய வேலை. இன்னொன்று, சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டும் தளர்வாக இருக்கும். டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம் மட்டும் போட வைக்காதீர்கள்.