பாலியில் சொந்த வில்லா: நீங்கள் வாங்குவது நிலத்தையா, ஆண்டுகளையா?

'ஓ.எம்.ஆர். ஃபிளாட் விலையில் பாலியில் சொந்த வில்லா!' வயல் நடுவே நீச்சல் குளம், தென்னை மரம், லேப்டாப்போடு ஒருவர். இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் ஃபோனுக்கும் நிச்சயம் வந்திருக்கும். பாலிக்குப் போகும் வெளிநாட்டுப் பயணிகளில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடத்தில் சமீப ஆண்டுகளாக இருப்பது இந்தியர்கள்தான். அதனால் விளம்பரமும் நம்மைக் குறிவைத்தே வருகிறது.

ஆனால் டூர் போயிட்டு வர்றது வேற, அங்கேயே வருஷக்கணக்கில் தங்குறது வேற, வீடு வாங்குறது முற்றிலும் வேற. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிச் செலவு. அந்த விளம்பரத்தில் வரும் 'சொந்த' என்ற சொல்லுக்கு இந்தோனேசியச் சட்டத்தில் என்ன அர்த்தம் என்று பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டவர் பாலியில் நிலம் வாங்க முடியுமா?

முடியாது. நம்ம ஊரில் பத்திரம் முடித்து, பட்டா மாற்றி, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் முழு உரிமைக்கு அங்கே 'ஹக் மிலிக்' என்று பெயர். 1960-ல் வந்த அடிப்படை நிலச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, இந்த உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. டச்சு ஆட்சியில் 1870-ல் போட்ட நிலச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த சட்டம் இது. நிலம் மறுபடியும் வெளியார் கைக்குப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

வெளிநாட்டவருக்குச் சட்டப்படி மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, குத்தகை. நில உரிமையாளரோடு 25, 30 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு, மொத்தப் பணத்தையும் பெரும்பாலும் முன்கூட்டியே கொடுப்பது. ரீல்ஸில் வரும் 'சொந்த வில்லா'க்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இரண்டாவது, 'ஹக் பகாய்' என்ற பயன்பாட்டு உரிமை. இது நில அலுவலகத்தில் உங்கள் பெயரிலேயே பதிவாகும். முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என மொத்தம் 80 ஆண்டுகள் வரை போகலாம். ஆனால் இதற்குக் குறைந்தபட்ச விலை வரம்பு இருக்கிறது. பாலியில் தனி வீடு என்றால் 500 கோடி இந்தோனேசிய ரூபியா. ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் 190 ரூபியா என்று வைத்தால், ஏறக்குறைய 2.6 கோடி ரூபாய். அடுக்குமாடி வீட்டுக்கு வரம்பு 200 கோடி ரூபியா, அதாவது ஒரு கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆனால் பாலியில் கட்டடங்கள் 15 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி. அதனால் அடுக்குமாடிகள் அங்கே குறைவு.

மூன்றாவது, அந்நிய முதலீட்டு நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் 'கட்டட உரிமை' வாங்குவது. இந்த வகை நிறுவனத்துக்கு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் பணத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுதோறும் கணக்கு வழக்கு, வரி, அறிக்கை எல்லாம் உண்டு. தங்குவதற்கு ஒரு வீடு போதும் என்பவருக்கு இது தேவையில்லாத சுமை.

'உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிடலாம் சார்' என்றால்?

நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான்: பினாமி. உள்ளூர் நண்பர், டிரைவர், காதலி என யாராவது ஒருவர் பெயரில் நிலம் வாங்கிவிட்டு, 'பணம் என்னுடையது' என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. பல ஆண்டுகளாக அங்கே இது நடக்கிறது.

அதே 1960 சட்டத்தின் 26-வது பிரிவு இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ முழு உரிமையை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்துபோனால்? விவாகரத்து ஆனால்? கடனில் மாட்டினால்? அவருடைய வாரிசுகளும் கடன்காரர்களும் கேட்கப்போவது பத்திரத்தில் இருக்கும் பெயரைத்தான்.

குத்தகைக் கணக்கை எப்படிப் போடுவது?

பாலியில் குத்தகை நில விலையைப் பொதுவாக 'ஓர் ஏருக்கு, ஓர் ஆண்டுக்கு இவ்வளவு' என்று சொல்வார்கள். நம்ம பட்டாவில் ஹெக்டேருக்குப் பக்கத்தில் வரும் அதே ஏர்தான். 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 25 ஆண்டு குத்தகையில் ஒரு வில்லா, விலை 1.2 கோடி ரூபாய். 25-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 4.8 லட்சம், மாதம் 40,000. அதாவது மாதம் 40,000 ரூபாய் வாடகையை 25 ஆண்டுக்கும் சேர்த்து இன்றைக்கே கொடுக்கிறீர்கள். அதே 1.2 கோடி 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்தால் ஆண்டுக்கு 8.4 லட்சம், மாதம் 70,000 வரும். அந்த இழப்பும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

பத்து ஆண்டு கழித்து விற்க நினைத்தால், வாங்குபவருக்குக் கிடைப்பது மீதி 15 ஆண்டுகள் மட்டுமே. நிலத்தின் சந்தை மதிப்பு ஏறினால் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆனால் சென்னையில் மனை வாங்கிப்போட்டு, விலை ஏறும் என்று காத்திருப்பது போன்ற விஷயம் அல்ல இது. இங்கே ஒவ்வொரு ஆண்டும் உங்கள் கையில் இருப்பது தேய்ந்துகொண்டே போகும். குத்தகை முடிந்ததும் நிலமும், வழக்கமான ஒப்பந்தப்படி அதன் மேல் நிற்கும் கட்டடமும் உரிமையாளருக்கே திரும்பும்.

'நீட்டிப்பு உறுதி' என்று ஏஜென்ட் சொன்னால், விலை எப்படி முடிவாகும் என்று கேளுங்கள். 'அன்றைய சந்தை விலையில் முன்னுரிமை' என்று மட்டும் எழுதியிருந்தால், அன்றைக்கு அவர்கள் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டியதுதான்.

வீடு இருந்தால் விசா கிடைத்துவிடுமா?

குத்தகை ஒப்பந்தம் கையில் இருப்பதால் மட்டும் அங்கே தங்கும் உரிமை வராது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இந்தியர்களுக்கு விமான நிலையத்தில் கிடைக்கும் விசாவுக்குக் கட்டணம் 5 லட்சம் ரூபியா. 30 நாள் தங்கலாம், ஒருமுறை நீட்டித்தால் மொத்தம் 60 நாள். அதற்கு மேல் தங்க வேறு வகை விசா வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரிமோட்டில் வேலை செய்பவர்களுக்கு ஓராண்டு விசா இருக்கிறது. ஆண்டுக்கு 60,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும். நம் மதிப்பில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தோனேசியாவில் இருந்து சம்பளம் வாங்கக் கூடாது. 'செகண்ட் ஹோம்' விசாவுக்கு அந்நாட்டு அரசு வங்கியில் 1,30,000 டாலர் வைப்பு வைக்க வேண்டும், அல்லது 10 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு இருக்க வேண்டும்.

ஹக் பகாய் வைத்திருப்பவரும் இதில் கவனமாக இருக்க வேண்டும். அந்த உரிமைக்கான தகுதியை இழந்துவிட்டால், ஓராண்டுக்குள் வீட்டைத் தகுதியுள்ள வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும்.

நான் இல்லாதபோது வாடகைக்கு விட்டால்?

'ஏர்பிஎன்பி-ல போட்டா போட்ட காசு வந்துடும்' என்பதுதான் விற்பவர்களின் முக்கிய வசனம். நாள் வாடகைக்கு விடுவது அங்கே உரிமம் தேவைப்படும் தொழில். சிறிய தங்குமிடங்களுக்கான 'பொண்டோக் விசாதா' உரிமம் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் செய்ய வேண்டுமென்றால் மேலே சொன்ன நிறுவன வழிதான். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு விருந்தினர்களுக்குச் சாவி கொடுத்துக் காசு வாங்கினால், அதை வேலையாகக் கருதி நாடு கடத்தும் அதிகாரம் குடிவரவுத் துறைக்கு உண்டு.

ஒப்பந்தத்துக்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

- நிலச் சான்றிதழ்: உரிமையாளர் பெயர், அடமானம், வழக்கு ஆகியவற்றை மாவட்ட நில அலுவலகத்தில் நோட்டரி மூலம் பாருங்கள். நம்ம வில்லங்கச் சான்று பார்ப்பது போலத்தான். நிலம் ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், உங்கள் குத்தகைக்கு முன்னால் வங்கியின் உரிமை நிற்கும்.
- வாரிசுகள்: பாலியில் நிலம் பெரும்பாலும் பூர்வீகச் சொத்து, ஆண் வாரிசுகள் வழியாக வருவது. அண்ணன் கையெழுத்துப் போட்டு, தம்பி பிறகு வந்து கேட்டால் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லா வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.
- நில வகை: பசுமை மண்டலம், விவசாய நிலம், கோயில் நிலம் என்றால் விலகிவிடுங்கள்.
- அனுமதிகள்: கட்டட அனுமதி, கட்டி முடித்த பின் தரும் தகுதிச் சான்று இரண்டும் இருக்கிறதா?
- பாதை: வயல் நடுவில் இருக்கும் வில்லாவுக்குப் போகும் வழி யாருடைய நிலத்தில் வருகிறது? வழி உரிமை எழுத்தில் இருக்கிறதா?
- வரி: குத்தகைத் தொகைக்கு 10 சதவீத வரி உண்டு. அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.
- மாற்றும் உரிமை: மீதி ஆண்டுகளை இன்னொருவருக்கு விற்கலாமா? நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் போகுமா? நில உரிமையாளர் இறந்தால் அவர் வாரிசுகளைக் கட்டுப்படுத்துமா?

விற்பவர் அறிமுகப்படுத்தும் நோட்டரியை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்காக மட்டும் பேசும் ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்கும், ஒவ்வொரு வரியும் புரிந்த பிறகே கையெழுத்து.

நில வகையைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025-ஆம் ஆண்டே உதாரணம். ஜனவரியில், உபுத் பகுதியில் வெளிநாட்டவர்களிடம் பிரபலமாக இருந்த ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தை அதிகாரிகள் மூடினார்கள். விவசாய நிலத்தில் கட்டியது, உரிய உரிமங்கள் இல்லை என்பதே காரணம். ஜூலையில் பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் இருந்த 48 கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக இயங்கிவந்த விடுதிகளும் உணவகங்களும் அதில் போயின. 'இவ்வளவு நாள் யாரும் கேட்கலையே' என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது எப்படி?

இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்க நெருங்கிய உறவினர்கள் தங்கள் வரம்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல், இப்படி அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீத டி.சி.எஸ். பிடிப்பார்கள். 1.2 கோடி அனுப்பினால் 22 லட்சம் ரூபாய் பிடித்தம். வருமான வரித் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. இதற்காக இந்திய வங்கிகள் கடன் தரவும் முடியாது.

வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இதைக் காட்டுவது கட்டாயம். மறைத்தால், 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 12 மாதங்களில் 183 நாட்களுக்கு மேல் இந்தோனேசியாவில் இருந்தால், பொதுவாக அங்கேயும் நீங்கள் வரி செலுத்துபவர் ஆகிவிடுவீர்கள். இரு நாடுகளுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்?

நீங்கள் குடியேறுவது ரிசார்ட்டில் அல்ல, ஓர் ஊரில். பாலியில் ஒவ்வொரு பகுதிக்கும் 'பஞ்சார்' என்ற ஊர் அமைப்பு இருக்கிறது. திருவிழா, இறுதிச் சடங்கு, தெருப் பாதுகாப்பு எல்லாம் அது வழியாகத்தான் நடக்கும். புதிதாக வருபவர் அங்கே பதிவு செய்து, கேட்கும் பங்களிப்பைக் கொடுப்பது வழக்கம். கோயில் ஊர்வலத்துக்குச் சாலையை மூடினால் காத்திருக்க வேண்டும். ஆண்டில் ஒருநாள் 'ஞெபி' என்ற மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக்கிடக்கும். யாரும் வெளியே வரக் கூடாது, விளக்கு வெளிச்சமும் வெளியே தெரியக் கூடாது.

ரீல்ஸில் பின்னணியாக வரும் நெல்வயல்களுக்கும் ஒரு கதை உண்டு. 'சுபக்' என்ற கூட்டு நீர்ப்பாசன முறையில் ஓடும் வயல்கள் அவை. 2012-ல் யுனெஸ்கோ இந்த முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேலே ஒரு வயல் வில்லாவாக மாறினால், கீழே இருக்கும் வயலுக்கு வாய்க்கால் தடைபடலாம். விலை ஏற ஏற, அந்த ஊர் இளைஞர்களே அங்கே வீடு கட்ட முடியாத நிலையும் வருகிறது. சட்டம் நிலத்தைக் குத்தகையாக மட்டும் தருவதற்கு இதுவும் ஒரு நியாயம். இன்று தாத்தா குத்தகைக்கு விட்ட நிலம், பேரன் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கே திரும்புகிறது.

அப்போ, என்னதான் செய்யலாம்?

சரியான விசாவோடு முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரையான மழைக்காலம் அதில் கட்டாயம் வர வேண்டும். கூரை ஒழுகுவது, சுவரில் பூஞ்சை, சாங்கு சாலையின் டிராஃபிக், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அதன் பிறகும் ஆசை இருந்தால், 25 ஆண்டு வாடகையை முன்கூட்டியே கட்டுகிறோம் என்ற தெளிவோடு குத்தகை எடுங்கள். முழுதாகத் திரும்பி வராவிட்டாலும் உங்கள் வாழ்க்கை தடுமாறாத அளவு பணத்தை மட்டும் அதில் போடுங்கள். வயதான காலத்துக்கோ பிள்ளைகளுக்கோ என்று சேர்த்த பணத்தை வைக்கும் இடம் அது இல்லை.