ஆற்று நீரில் எதிர்ப்பு ஜீன்கள்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

மருந்துக்கு அடங்காத கிருமிகளின் சரித்திரம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தொடங்கி ஆஸ்பத்திரியிலேயே முடிவதாக எழுதப்பட்டு வந்திருப்பினும், ஆறும் ஏரியும் சாக்கடையும் அச்சரித்திரத்தில் வகிக்கும் ஸ்தானம் வைத்தியசாலையின் ஸ்தானத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பது, சென்ற அரை நூற்றாண்டு ஆராய்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போர்க்குத் தெளிவாகும்.

1955-ஆம் ஆண்டில், ஹாங்காங்கிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பிய ஒரு பெண்ணிடம் கண்ட சீதபேதிக் கிருமி, ஸல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளையும் ஒருசேர எதிர்த்து நின்றது. ஒரே கிருமியில் நான்கு மாறுதல்கள் தற்செயலாக நேர்வது அரிதினும் அரிதாகையால், வேறு காரணம் தேடிய ஓச்சியாய், அகிபா முதலிய ஜப்பானிய அறிஞர்கள், குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலையிலிருந்து சீதபேதிக் கிருமிக்கு அவ்வாற்றல் நேரே கைமாறுகிறது என்பதை 1959-இல் நிரூபித்தனர். பிளாஸ்மிட் என வழங்கும் சிறு டி.என்.ஏ. வளையமே ஜீன்களைச் சுமந்து, ஜாதி பேதமின்றி ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. வாடனபே 1963-இல் ஆங்கிலத்தில் எழுதிய விரிவான கட்டுரைக்குப் பின்னரே மேனாட்டார் இதனைக் கவனிக்கலாயினர்.

குடலில் நிகழ்வது கழிவுடன் வெளியேறி ஆற்றை அடையாமல் இருக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. பிரிட்டிஷ் ஆற்று நீரில் இத்தகைய வளையங்களை ஏந்திய ஈ.கோலை காணப்படுவதை வில்லியம்ஸ் ஸ்மித் 1970-இல் வெளியிட்டார். எனினும், ஜீனையே ஒரு மாசாகக் கருதவேண்டும் என்ற வாதம், கொலராடோ மாகாணத்து நீர்நிலைகளை ஆராய்ந்த ஏமி ப்ரூடன் குழுவினரால் 2006-இல் எழுப்பப்படும் வரை வலுப்பெறவில்லை. கிருமி மடிந்த பின்னும் அதன் டி.என்.ஏ. நீரில் எஞ்சி நின்று வேறொரு கிருமியால் உட்கொள்ளப்படக் கூடும் என்பதை நினைத்தால், அவ்வாதத்தின் நியாயம் விளங்கும்.

இச்சரித்திரத்தில் நெஞ்சை மிகவும் உலுக்கும் அத்தியாயம் ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் எழுதப்பட்டது. ஏறக்குறைய 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவுநீரை ஏற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்த ஸ்வீடன் தேசத்து ஜோகிம் லார்சன் குழுவினர், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சாசின் இருப்பதாக 2007-இல் அறிவித்தனர். சிகிச்சை பெறும் நோயாளியின் ரத்தத்தில் காணும் உச்ச அளவையும் மிஞ்சிய அளவு அது; ஒரே நாளில் வெளியேறிய மருந்தோ, 90 லட்சம் ஜனத்தொகை கொண்ட ஸ்வீடன் ஐந்து நாட்களில் உட்கொள்ளும் அளவுக்கு ஈடாக இருந்தது. அங்கே, சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்வதற்காக வீட்டுச் சாக்கடை நீரும் கலக்கப்பட்டதால், மனிதக் குடலின் கிருமிகளும் அவற்றைக் கொல்லும் மருந்தும் ஒரே தொட்டியில் நாள்தோறும் சந்தித்தன. மருந்துக்கு இரையானவை அழிய, எதிர்ப்பு ஜீன் பெற்றவை பெருகுவதற்கு இதனினும் உகந்த சூழலை ஒருவர் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது. அந்நீர் சென்று சேர்ந்த ஆற்றின் வண்டலை ஆராய்ந்தபோது, ஸல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் ஜீன்கள் மலிந்திருந்ததோடு, சிப்ரோஃப்ளாக்சாசின் வகையை எதிர்க்கும் க்யூ.என்.ஆர். ஜீன்களும் மிகுந்திருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த ஜீனின் பூர்வோத்தரம் அறியத்தக்கது. பிளாஸ்மிட்டில் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1998-இல். அதன் ஒரு வகைக்கு மூலஸ்தானம், நீரில் வாழும் ஷெவனெல்லா ஆல்கே என்னும் பாக்டீரியமே என்பது 2005-இல் வெளியாயிற்று. ஆகவே நீர்நிலை, ஆஸ்பத்திரியின் எச்சத்தை வாங்கிக்கொள்ளும் இடமாக இருப்பதோடு, ஆஸ்பத்திரிக்கு ஜீனை ஈந்த இடமாகவும் இருந்திருக்கிறது.

என்.டி.எம்.-1 ஜீனின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. கார்பபெனம் என்னும் கடைசிப் புகலிட மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தரும் இந்த ஜீன் இந்தியாவில் பரவியிருப்பதைக் காட்டிய 2010-ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதே ஆண்டு டில்லியில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளுள், தெருவில் தேங்கியும் கசிந்தும் கிடந்த 171-இல் 51-லும், குழாய்நீர் 50-இல் 2-லும் அந்த ஜீன் இருந்தது. காலராக் கிருமியும் அதை ஏற்றிருந்தது. அதைச் சுமந்த பிளாஸ்மிட்கள் மிகுதியாகக் கைமாறியது நம் தெருக்களில் ஆண்டின் பெரும்பகுதி நிலவும் 30 டிகிரி வெப்பத்தில்தான்.

ரிஷிகேசம், ஹரித்துவாரம் ஆகிய க்ஷேத்திரங்களில் கங்கை நீரில் அதே ஜீன் யாத்திரைக் காலத்தில் சுமார் 20 மடங்கு உயர்வதாக 2014-இல் வந்த ஆய்வு கூறிற்று. பக்தர்களைக் குறை கூறுவது அநீதி; திடீரெனப் பெருகும் ஜனத்திரளுக்குத் தக்க கழிவுநீர் வசதி செய்யாமையே குற்றம்.

நீரின் தூய்மையைக் கோலிஃபார்ம் எண்ணிக்கையாலும் கரைந்த பிராணவாயுவாலும் அளக்கும் நமது பழைய முறைக்கு ஜீன் அகப்படுவதில்லை. தொழிற்சாலைக் கழிவில் மருந்து எச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது பெரும் நம்பிக்கையை அளித்தது. 2021-இல் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறாமற் போனது மிகவும் வருந்தத்தக்கது. 2024-இல் உலக சுகாதார ஸ்தாபனம் மருந்து உற்பத்திக் கழிவுகளுக்கென வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. அவற்றுக்குச் சட்டபலம் தரவேண்டிய பொறுப்பு அந்தந்த அரசாங்கத்தையே சார்ந்தது.